அன்னக்கூடையில் முப்பது வண்டிகள்

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, ஆனைக்குட்டத்தை அடுத்த ஓடைக்கரைப்பட்டி விலக்கில் இருந்த ஓடைப் பாலத்தைப் பொக்லைன் வைத்து இடித்தார்கள். மதியத்துக்குள் பாலம் முழுவதும் அகற்றப்பட்டது.

பாலம் பழசு. லோடு லாரி ஏறினால் முனகும். புதிதாகக் கட்டித்தருகிறோம் என்று சொல்லித்தான் இடித்தார்கள் என்பதால் ஊரில் யாருக்கும் வருத்தமில்லை. வேலை முடியும்வரை வண்டிகள் போய்வர, ஓடைக்குள் கிராவல் கொட்டி ஒரு மாற்றுப்பாதையும் போட்டுக் கொடுத்தார் கான்ட்ராக்டர். சாயங்காலத்துக்குள் ஊர் ஆடுகள் அந்தப் பாதைக்குப் பழகிவிட்டன.

மறுநாள் காலை பாண்டிராஜ் தன் வேனை அந்தப் பாதையில் இறக்கினான். வேன் நிறைய ஊர்ப் பெண்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள பட்டாசுக் கம்பெனிக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதுதான் அவன் பிழைப்பு. ஒரு காலத்தில் காட்டில் களையெடுக்கப் போன வீடுகள் இப்போது அநேகமாக எல்லாம் பட்டாசு வேலைக்குத்தான் போகின்றன. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சீசன் சூடுபிடித்திருந்தது.

முன்சக்கரம் கிராவலில் பட்டதும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி பெண் குரலில் பேசியது.

"தாங்கள் சாலையில் இல்லை. அருள்கூர்ந்து சாலைக்குத் திரும்பவும்."

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் பாண்டிராஜுக்கு மதினி முறை. கேலி பேச அவளுக்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

"கொழுந்தனாரே, யாரு அந்தப் பிள்ளை? காலங்காத்தால என்ன சொல்லுது?"

"ரோட்டுல போகலைன்னு சொல்லுது மதினி."

"ரோடே அங்கன இல்லையே தாயி" என்றாள் வள்ளித்தாய் பெட்டியைப் பார்த்து. "நீ ஒரு எட்டு இறங்கி வந்து பாரேன்."

பெட்டி இறங்கி வரவில்லை. அதன் நெற்றியில் இருந்த பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருதுநகரில் இணைப்பு வாகன வரைபடப் பகிர்வு மையம் என்று ஓர் அலுவலகம் உண்டு. டிரைவர்கள் அதை மேப் ஆபீஸ் என்பார்கள். ஆள் ஏற்றும் கம்பெனி வேன் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி பொருத்த வேண்டும் என்பது மையத்தின் உத்தரவு. வேன் போகிற வழியைப் பெட்டி மையத்துக்குச் சொல்லும். எல்லாப் பெட்டிகளும் சொன்னதைத் திரட்டி மையம் ஒரே வரைபடமாக்கி, எல்லாப் பெட்டிகளுக்கும் திருப்பி அனுப்பும். ஒரு வேன் பார்த்த பள்ளம் மற்ற வேன்களுக்கும் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டிகள் வாய் ஓயாமல் பேசினால் டேட்டா தீர்ந்துவிடும் என்பதால் மையம் ஒரு சிக்கனக் கொள்கை வகுத்திருந்தது. மாறியதை மட்டும் சொல்ல வேண்டும். மாறாததைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மைய வாசலில், "சொல்லப்படாதவை எல்லாம் சரியாக உள்ளன" என்று கிரானைட்டில் பொறித்து வைத்திருந்தார்கள்.

வாரக் கடைசியில் எந்த வண்டிக்குச் சிவப்பு எரிகிறதோ அதற்குப் பாஸ் ரத்து. பாஸ் இல்லாத வண்டி கம்பெனி கேட்டுக்கு வரக் கூடாது.

புதன்கிழமை முதலாளி ரத்தினசாமி கேட் பக்கம் வந்தவர் பாண்டிராஜைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, ஒன் வண்டி செகப்புல இருக்காம்ல. சனிக்கிழமைக்குள்ள பச்சையாக்கிரு. இல்லைன்னா திங்கக்கிழமையிலருந்து ராஜபாண்டியன் காரியாபட்டிப் பக்கத்து ஆளுகளைக் கொண்டாந்து எறக்கிருவான். வண்டியும் ஆளுமா ரெடியா நிக்கிறான்."

"மொதலாளி, பாலத்தை இடிச்சிட்டாக."

"எனக்குத் தெரியாதாக்கும்? நானும் அந்த ஓடைக்குள்ளதான் காரை எறக்கி வந்தேன். என் காருல பெட்டி இல்லை, தப்பிச்சேன்." போகும்போது திரும்பி, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "சீசன் நேரம். ஆளில்லாம நான் உக்கார முடியுமா, சொல்லு."

அந்தப் பேச்சு சாயங்காலம் வேனுக்குள் வந்துவிட்டது.

"சீசன்ல ஒருக்கா விட்டா அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டாக" என்றாள் வள்ளித்தாய். கேலி இல்லாமல் அவள் பேசிக் கேட்டது பாண்டிராஜுக்குப் புதிதாக இருந்தது. "ஊரோட வீட்ல உக்கார வேண்டியதுதான். நீங்க அந்த ஆபீசுல போயி கேளுங்க கொழுந்தனாரே."

வியாழக்கிழமை பெண்களை இறக்கிவிட்டுப் பாண்டிராஜ் நேரே விருதுநகர் போனான். தலைமை ஒருங்கிணைப்பாளர் லட்சுமிகாந்தம் அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அதன் பிறகே விஷயத்தைக் கேட்டார். மரியாதைக்குக் குறைவில்லாத அலுவலகம்.

"சொல்லுங்க. என்ன மாற்றம்?"

"சார், பாலம் இல்லை."

"அது மாற்றம் இல்லையே" என்றார் லட்சுமிகாந்தம். "மாற்றம்னா புதுசா ஒண்ணு வந்திருக்கணும். புது ரோடு, புது வேகத்தடை, புது ரவுண்டானா, எல்லாத்துக்கும் பெட்டியில குறியீடு இருக்கு. இல்லாததுக்குக் குறியீடு கிடையாது. இல்லாததை எல்லாம் அனுப்ப ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்? உங்க ஊர்ல கடல் இல்லை. ஏர்போர்ட் இல்லை. அதையெல்லாம் உங்க வேன் தினமும் அனுப்பிக்கிட்டு இருக்குமா?"

அது நியாயமாகத்தான் பட்டது பாண்டிராஜுக்கு. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"போட்டோ இருக்கு சார். இடிச்ச அன்னைக்கே எடுத்தது."

லட்சுமிகாந்தம் போனைத் தொடவில்லை. "இந்த ஒரு போட்டோ இழுக்கிற டேட்டாவுல ஒரு வண்டியை நாலு மாசம் நடத்திருவோம். தம்பி, உண்மைங்கிறது பெரிய சாமான். அப்படியே தூக்கி அனுப்பினா சர்வர் தாங்காது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள்ள அடங்கலைன்னா அந்த உண்மையால எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை."

"அப்ப அந்த மாற்றுப்பாதை புதுசுதான சார். அதைச் சொல்லலாமா?"

லட்சுமிகாந்தத்தின் முகம் மலர்ந்தது. "இப்பப் பிடிச்சீங்க பாருங்க. அது மாற்றம். உங்க பெட்டியும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒத்த வண்டி சொல்றதை நாங்க எடுத்துக்கிறதில்லை. மூணு வண்டி சொல்லணும். ஒருத்தர் ரோட்டை விட்டு விலகினா விதிமீறல். மூணு பேர் விலகினா அது ரோடு."

"அந்த வழியா வாரது என் வண்டி மட்டுந்தான் சார். மத்த வேனெல்லாம் வேற வேற ஊரு."

"வேற ரெண்டு வண்டியைப் போகச் சொல்லுங்க."

"போனா அவுகளுக்கும் செகப்பு எரியுமே சார்."

"எரியும். மூணாவது வண்டி போற வரைக்கும் எரியணும். கஷ்டப்பட்டுக் கிடைச்சாத்தான் ஒரு தகவலுக்கு மதிப்பு."

சுவர் முழுவதும் இருந்த பெரிய திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஓடைக்குக் குறுக்கே நீலக் கோடாகப் பாலம் இருந்தது. கைப்பிடிச்சுவர் உடைந்த இடம்கூட அதில் இல்லை. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

"எங்க ஊர் பேரைக் காணமே சார்."

"சின்ன ஊர்ப் பேரையெல்லாம் சிக்கனத்துக்காக எடுத்தாச்சு. ஊர் அங்கயேதான் இருக்கும். பேரை மட்டும் அனுப்ப மாட்டோம்."

இருந்தாலும் மனிதர் இரக்கமுள்ளவர். அன்று மதியமே நேராய்வுக்கு ஆள் அனுப்பினார். தொழில்நுட்ப ஆலோசகர் ஹரிபிரசாத் மையத்தின் ஜீப்பில் வந்தார். ஜீப்பிலும் பெட்டி இருந்தது. பாலம் இருந்த இடத்தின் விளிம்பில் ஜீப் நின்றது. மாற்றுப்பாதையில் நின்றுகொண்டிருந்த பாண்டிராஜுக்கு உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"நேராகச் செல்லவும்."

ஹரிபிரசாத் இறங்கி எட்டிப் பார்த்தார். கீழே கம்பிகளும் ஜல்லியும் கிடந்தன.

"பாலம் இல்லைதான்" என்றார்.

பாண்டிராஜுக்கு மூச்சு வந்தது. "அதையே எழுதிருங்க சார்."

"நான் எழுதக் கூடாதுங்க. மனுஷன் எழுதினா தப்பு வரும்னுதான் பெட்டி வச்சிருக்கோம். வண்டிதான் சொல்லணும்."

"அப்ப ஜீப்பை இங்கன எறக்குங்க சார். ரெண்டாவது வண்டி ஆச்சுல்ல."

ஹரிபிரசாத் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "மையத்து வண்டிக்கே சிவப்பு எரிஞ்சா என் இன்க்ரிமென்ட் போயிரும்ணே." பிறகு விளிம்பிலேயே வெகுநேரம் நின்று, ஊர்க்காரர்கள் கொடுத்த மோரைக் குடித்து, பாலம் இல்லாததை எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டு, திருப்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

ஆய்வின் முடிவு சாயங்காலம் எல்லா வேன் பெட்டிகளிலும் அறிவிக்கப்பட்டது. "விலக்கு ஓடைப் பாலத்தில் கடும் போக்குவரத்து நெரிசல். வாகனங்கள் நீண்ட நேரம் நிற்கின்றன. பாலத்தைத் தவிர்க்கவும்."

வீடு திரும்பும்போது பாண்டிராஜ் ஓடைக்கரையில் வேனை நிறுத்தி இறங்கினான்.

"என்னத்தத் தேடுறீக?" என்று கேட்டாள் வள்ளித்தாய்.

"ஒண்ணுமில்லை மதினி. ஒருக்கா பாத்துக்கிட்டேன்."

பாலம் வந்திருக்கவில்லை. ஜல்லிக் குவியல் மேல் இரண்டு ஆடுகள் நின்றிருந்தன. நெரிசல் என்று சொல்ல முடியாது.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. போன், பேட்டரி, தீப்பொறி கிளம்பக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைவார்கள். வேன்கள் வெளியே மரத்தடியில் நிற்கும். சரக்கு அறை கிட்டத்தில் இருப்பதால் நிற்கிற வேனிலும் பெட்டி இருக்கக் கூடாது. ஆகையால் டிரைவர்கள் காலையில் வந்ததும் பெட்டியைக் கழற்றி வாட்ச்மேன் தங்கப்பாண்டியனிடம் கொடுப்பார்கள். அவர் முப்பது வேன்களின் பெட்டிகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் போட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருப்பார். பெட்டிகளுக்குள் தனியாக பேட்டரி உண்டு. கூடைக்குள் கிடந்தாலும் விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். கேட்டருகே முப்பது சிவப்பும் பச்சையுமாக ஒரு கூடை கண்சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மேனேஜருக்கு வேர்த்துவிட்டது.

"ஓய் தங்கப்பாண்டி, இந்தச் சனியனை எங்கயாவது கண்காணாத எடத்துக்குக் கொண்டுபோங்க. சாயங்காலம் கொண்டாந்தாப் போதும்."

தங்கப்பாண்டியனின் தங்கை பஞ்சம்மாள் ஓடைக்கரைப்பட்டி ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தாள். கம்பெனியிலிருந்து வறண்ட கண்மாய்க்குள் ஒற்றையடிப் பாதை பிடித்தால் மொபெட்டில் சீக்கிரம் போய்விடலாம். அவர் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் போவார். அன்று அன்னக்கூடையைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சீமைக்கருவேல முள்ளுக்கு வளைந்து வளைந்து போனார். ஓரிடத்தில் நாய் துரத்தியதால் ஒரு பெரிய வட்டம் அடிக்க வேண்டி வந்தது. இன்னோரிடத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கினார். தங்கை வீட்டில் சாப்பிட்டு, கண்ணயர்ந்து, டீ குடித்து, வந்த வழியே திரும்பினார். கூடை மரத்தடிக்கு வந்தபோது முப்பது விளக்கும் பச்சையாக எரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பாண்டிராஜுக்குப் போன் வந்தது.

"வாழ்த்துகள் தம்பி!" என்றார் லட்சுமிகாந்தம். "உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு நாங்க வெட்கப்படுறோம். மூணு வண்டி கேட்டேன். நீங்க முப்பதைக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க!"

"எங்க சார்?"

"கண்மாய்க்குள்ள போற புது ரோட்டுலதான். ரவுண்டானா இருக்கு, பயணிகள் ஓய்விடம் இருக்கு. முப்பது வண்டியும் ஒண்ணுக்கொண்ணு இடைவெளி விடாம, ஒரே வேகத்துல. இந்த ஒழுங்கை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை."

"சார், நான் ஓடைக்குள்ளதான்..."

"அடக்கம் போதும். உங்க வண்டிக்குப் பச்சை குடுத்தாச்சு."

பாண்டிராஜ் போனை வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனான். "அண்ணாச்சி, நேத்து என் வண்டி கண்மாய்க்குள்ள போச்சாமே, தெரியுமா?"

தங்கப்பாண்டியன் மரத்தடியில் நின்ற வேனைப் பார்த்தார். அன்னக்கூடையைப் பார்த்தார்.

"ஒன் வண்டி மட்டும் இல்லடே" என்றார் மெதுவாக. "எல்லா வண்டியும் எங்கூடத்தான் வந்துச்சு. பஞ்சம்மா கடையில டீ குடிச்சிட்டுத் திரும்பினோம்."

புதுச் சாலையின் திறப்பு விழா செவ்வாய்க்கிழமை விருதுநகரில் நடந்தது. சாலையில் நடத்தவில்லை. பெரிய திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, மையத்திலேயே வெட்டினார்கள். டிரைவர்கள் சார்பில் பாண்டிராஜை அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"ரோட்டை நேரில் போய்ப் பார்ப்பது பழைய காலத்து வழக்கம்" என்று லட்சுமிகாந்தம் பேசினார். "நேரில் பார்க்கிறவர் ஓர் இடத்தைத்தான் பார்ப்பார். அதிலும் வெயில், தூசி, சொந்த அபிப்பிராயம் எல்லாம் கலந்துவிடும். நாங்கள் எந்த இடத்தையும் பார்ப்பதில்லை. அதனால்தான் எங்கள் வரைபடத்தில் மாசு இல்லை. இந்தச் சாலைக்கு நிலம் எடுக்கவில்லை, தார் ஊற்றவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. மண்ணில் போட்டால் ரோடு தேயும், நண்பர்களே. சர்வரில் போட்ட ரோடு தேயாது."

கைதட்டல் அடங்க நேரமானது. பாண்டிராஜும் தட்டினான். ஊர் வேலை தப்பியது. அவனுக்கு அது போதும்.

ஆனால் புதன்கிழமை காலை மற்ற டிரைவர்கள் கேட்டருகே அவனைச் சுற்றிக்கொண்டார்கள். மையமே பச்சை கொடுத்திருந்த பாண்டிராஜ் வண்டி தவிர, இருபத்தொன்பது வண்டிக்கும் சிவப்பு. வெள்ளிக்கிழமை பஞ்சம்மாள் கடைக்குப் போன வண்டிகள் அதன் பிறகு ஏன் போகவில்லை என்று மையம் விளக்கம் கேட்டிருந்தது. வழக்கமான பாதையிலிருந்து விலகல் என்று பெட்டிகள் சொல்லிக்கொண்டிருந்தன. திருத்தங்கல் பக்கமிருந்து வரும் ஊர்க்காவலனுக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏலே பாண்டி, ஒன் ஊரு டீக்கடைக்கு நான் எதுக்குலே தெனம் வரணும்? எனக்கும் அந்த ஊருக்கும் என்னலே சம்பந்தம்?"

"நானா கூப்பிட்டேன்? கூடைதான் கூட்டிட்டுப் போச்சு."

"அந்தக் கண்மாய்க்குள்ள ஆடு போகவே எடம் கிடையாது. வேனை எங்கிட்டுலே விட?"

தங்கப்பாண்டியன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "எதுக்குக் கெடந்து கத்துறீக? நான் தெனமும் சாப்பாட்டுக்கு அங்கனதான போறேன். கூடையும் எங்கூட வந்துட்டுப் போகட்டும். காலையும் சாயங்காலமும் இதுகளை மாட்டிக் கழட்டுற வேலையும் மிச்சம். இங்கனயே கெடக்கட்டும்."

அன்று முதல் பெட்டிகள் வேனில் ஏறவில்லை. வேன்கள் ரோடு இருக்கும் வழியில் போயின. பெட்டிகள் மத்தியானமானால் மொபெட்டில் ஏறிக் கண்மாய் வழியே பஞ்சம்மாள் கடைக்குப் போய்வந்தன. டிரைவர்கள் முறைவைத்துத் தங்கப்பாண்டியனுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து, வேறு வாட்ச்மேன் வடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனபோது மட்டும், முப்பது டிரைவர்களும் கூட்டுச் சதி செய்ததாக மையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

செப்டம்பர் கடைசியில் மையத்துக்கு டேட்டா சிக்கனத்துக்கான பரிசு கிடைத்தது. முப்பது வண்டிகளும் எந்நேரமும் ஒரே இடத்தில் இருந்ததால், முப்பது செய்தி தேவைப்பட்ட இடத்தில் ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட சிக்கனம் வேறெங்கும் எட்டப்படவில்லை என்று பாராட்டுரையில் சொன்னார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, ஓடைக்கு மேல் புதுப் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் இருந்த அதே இடத்தில், அதைவிட அகலமாக. பாண்டிராஜ் முதல் ஆளாக வேனை ஏற்றினான். வள்ளித்தாய் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இப்ப அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காமிங்க கொழுந்தனாரே" என்றாள்.

அவனுக்கும் அது சரியென்று பட்டது. மையத்துக்குப் போன் போட்டான்.

"சார், புதுசா பாலம் வந்திருக்கு. இது மாற்றந்தான?"

லட்சுமிகாந்தம் வரைபடத்தைப் பார்க்கும்வரை பொறுக்கச் சொன்னார். பிறகு சிரித்தார்.

"என்ன தம்பி, அங்க ஏற்கெனவே பாலம் இருக்கே. மாற்றம் எதுவும் இல்லை. நெரிசல்தான் இன்னும் தீரலை. நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க, கண்மாய் ரோட்டுலயே போங்க."

அந்த வாரம் மழை பிடித்தது. கண்மாய் நிறைந்தது. மொபெட் போக வழியில்லாததால் தங்கப்பாண்டியன் லாரி டியூப் ஒன்றை வாங்கிக் காற்றடித்து, அதன் மேல் அன்னக்கூடையைக் கட்டி, மழைத்தாளைப் போட்டு மூடி, கழுத்தளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு போய்வந்தார். வேகம் குறைந்திருப்பதைக் கவனித்த மையம், மழைக்காலத்தில் நிதானமாக ஓட்டுவதற்காக முப்பது டிரைவர்களையும் பாராட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது.

ஓடைக்கரைப்பட்டிப் பெண்கள் தீபாவளிக்கு முந்தின நாள்வரை வேலைக்குப் போனார்கள். ராஜபாண்டியனின் வேன் காரியாபட்டியிலேயே நின்றது. எல்லா வண்டிகளுக்கும் பச்சை எரிகிறது.